முட்டாள் மேசனாகும் வழி: தீவகத்துக் கட்டடத் தொழிலும் வேலைத்தளப் பயிற்சியும்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘முட்டாள்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது. மற்றது கட்டட வேலைத்தளத்துக்கு உரியது. மேசனுக்குச் சாந்து குழைத்துக் கொடுத்து, கல் எடுத்துக் கொடுத்து, சாரம் கட்ட உதவி நிற்கிறவரை அங்கே முட்டாள் என்பார்கள். தமிழ்நாட்டில் அவரே சித்தாள். “நாளைக்கு ஒரு மேசனும் இரண்டு முட்டாளும் வேணும்” என்று வீட்டுக்காரர் சொன்னால் அதில் ஏளனம் ஒன்றும் இல்லை, கூலிக்கணக்குத்தான் இருக்கிறது. முட்டு, ஆள் என்று பிரித்துப் பார்த்தால் தாங்கி நிற்கும் ஆள் என்று பொருள் கொள்ளலாம்.

முட்டாளாக வேலைக்கு வந்த பொடியன் எப்போது மேசன் ஆகிறான், அதை யார் தீர்மானிப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சின்னக் கேள்விபோலத் தோன்றும். ஆனால் ஒருவருடைய நாட்கூலியும், பிள்ளைகளின் படிப்பும், வெளிநாட்டுக்குப் போனால் அங்கே கிடைக்கும் சம்பளமும் இதன் பதிலைப் பொறுத்தவை. முன்னர் பதில் குருவின் வாயில் இருந்தது. இன்று அது சான்றிதழ்த் தாளில் இருக்கிறது. இந்த மாற்றம் நடந்த காலத்திலேதான் வடபுலத்து முஸ்லிம்கள் தங்கள் ஊர்களை இழந்தார்கள். ஆகவே ஊர்காவற்றுறையையும் அதைச் சூழ்ந்த தீவுகளையும் முன்வைத்து இந்த வரலாற்றைப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

சொற்களில் கிடைக்கும் சான்று

கட்டடத் தொழிலாளர் தங்கள் வரலாற்றை எழுதி வைக்கவில்லை. எனவே அவர்கள் புழங்கும் சொற்களில் இருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. தொழிலில் தலைமையானவரை மேஸ்திரி என்கிறோம். இது போர்த்துக்கேயரின் ‘மெஸ்த்ரே’, அதாவது ஆசான் என்ற சொல்லிலிருந்து வந்தது. தென்னிலங்கையிலும் புத்தளத்திலும் ‘பாஸ்’ என்பார்கள். அது ஒல்லாந்தரின் சொல், அதற்கும் தலைவர் என்றே பொருள். மேசன் ஆங்கிலேயர் தந்தது. அலவாங்கும் யன்னலும் போர்த்துக்கேயச் சொற்கள். மூன்று ஆட்சிகள் வந்துபோன அடையாளம் ஒரு வேலைத்தளத்தின் பேச்சில் அப்படியே கிடக்கிறது.

ஆனால் தச்சரைக் குறிக்க நம்மவரிடம் ஓடாவி என்ற சொல்லும் இருக்கிறது. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் ஓடாவியார் என்று மரியாதையோடு அழைப்பார்கள். மரக்கலம் செய்கிறவர் என்பதும் அச்சொல்லின் பொருள். கடலோரத்துச் சமூகத்தில் கப்பல் கட்டிய கையும் வீட்டுக்குக் கூரை போட்ட கையும் ஒன்றாக இருந்ததை இது காட்டுகிறது. மரக்காயர், மரக்கல என்ற பெயர்களோடு அறியப்பட்ட சமூகத்துக்கு இது வியப்பான செய்தி அல்ல.

தலைமைக்கு அந்நியச் சொற்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. சாந்து, நூல், மட்டம், தூக்குக்குண்டு, அத்திவாரம், பூச்சு என்று வேலையின் உள்ளே புழங்கும் சொற்கள் பலவும் தமிழாகவே நின்றன. ஆட்சியாளர் வேலை வாங்குகிறவரின் பெயரை மாற்றினார்கள். வேலையைக் கற்றுக்கொடுத்த மொழியை அவர்களால் மாற்ற முடியவில்லை.

துறையும் கல்லும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. இதைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்குப் பிறதேசத்தார் வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அந்த ஆணை பேசுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. ஊராத்துறை என்பதே இன்றைய ஊர்காவற்றுறை என்று கொள்கிறார்கள். பின்னாளில் போர்த்துக்கேயர் இதை யானை இறங்குதுறை என்ற பொருளில் அழைத்தார்கள். கயிட்ஸ் என்ற பெயரும் துறையைக் குறிக்கும் அவர்களின் சொல்லிலிருந்தே வந்தது.

கப்பல் உடைந்தால் யாருக்கு எத்தனை பங்கு என்று கல்லில் வெட்டியிருக்கிறது. உடைந்த கப்பலைச் செப்பனிட்டவர் யார் என்று அதில் இல்லை. பல தேசத்துக் கலங்கள் வந்து நின்ற துறையில் மரவேலைக்காரர் இருந்தே இருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்தக் கல்லில் எழுத்து வெட்டியவரே ஒரு குருவிடம் உளி பிடிக்கப் பழகியவர்தானே.

நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்குள்ள பவளக்கல் வேலிகளைப் பார்த்திருப்பார்கள். சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லை ஏற்றி எழுப்பியவை. பெரிய கல் எங்கே, சின்னக் கல் எங்கே, எந்த முகம் வெளியே, எந்தக் கல்லின் பாரம் எதன்மேல் என்பது கட்டுகிறவரின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. தகப்பனோடு வேலி கட்டப் போன பிள்ளை அதைப் பார்த்துப் பழகும். அதே தீவில் உள்ள பழைய கோட்டை பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது. வேலியில் சாந்தில்லாத முறை, கோட்டையில் சாந்து போட்ட முறை என்று இரண்டும் ஒரே தீவில் நிற்கின்றன.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கிற ஹம்மன்ஹீல் கோட்டையின் கதையும் ஒரு கட்டட வேலையைப் பற்றியதுதான். போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டார்கள். சுற்றிவரக் கடல், குடிக்கத் தண்ணீர் தொட்டியில் மட்டும். தொட்டி உடைந்ததும் கோட்டை பணிந்துபோயிற்று. கோட்டையைப் பிடித்த தளபதியின் பெயர் வரலாற்றில் உண்டு. அந்தக் கடல் மேட்டில் அத்திவாரம் போட்டவர்களின் பெயரைத் தேடினால் கிடைக்காது.

தீவகத்துக்கு வெளியே, அதே குடாநாட்டில், வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். அது வேறு பெயர் சூட்டிக்கொண்டு 1938இல் அமெரிக்காவின் கிளொஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. கப்பல் கட்டக் கற்பிக்கும் கல்லூரி ஒன்றும் வல்வெட்டித்துறையில் இருக்கவில்லை. கரையில் ஏற்றிவைத்த கப்பலே கல்லூரி.

ஊழியம் பயிற்சி ஆகாது

வேலைத்தளத்தில் நின்றாலே தொழில் வந்துவிடும் என்று நினைக்கவும் கூடாது. நம் சமூகத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைச் சோனகர் மீது ஊழியம் என்ற கட்டாய வேலை சுமத்தப்பட்டது. கும்பனி கூப்பிட்டால் போய்ச் சுமக்க வேண்டும், கூலி கிடையாது. வசதி உள்ளவர்கள் காசு கட்டித் தப்பினார்கள், இல்லாதவர்கள் தோள் கொடுத்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில்தான் இது ஒழிந்தது.

ஊழியத்துக்குப் போனவர் எத்தனை வருடம் கல் சுமந்தாலும் மேசன் ஆகவில்லை. ஏனென்றால் அவருக்குக் கற்றுக்கொடுப்பது யாருடைய கடமையும் அல்ல. குரு இல்லை, படி இல்லை, முடிவும் இல்லை. பயிற்சிக்கும் ஊழியத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. முதல் வருடம் சாந்து குழைக்கிறவன் இரண்டாம் வருடம் நூல் பிடிக்க வேண்டும். பிறகு சாந்தகப்பை அவன் கைக்கு வரவேண்டும். முதலில் மறைவான சுவர், பிறகு முகப்புச் சுவர், பிறகு மூலை, கடைசியில் பூச்சு. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற்றிவிடுவது குருவின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்காமல் “பழகுகிறான்” என்று சொல்லி ஒருவனை அரைக் கூலியில் பத்து வருடம் வைத்திருப்பது புதுக்காலத்து ஊழியம். இப்போதும் இது நடக்கிறது.

இங்கிலாந்தில் 1563இல் வந்த கைவினைஞர் சட்டம் தொழில் பழகுகிறவர் ஏழு வருடம் குருவின் கீழ் நிற்கவேண்டும் என்றது. அந்த விதி 1814 வரை நீடித்தது. ஏழு வருடம் நீண்ட காலம்தான். ஆனாலும் அதற்கு முடிவு உண்டு. முடிவு தெரிந்த காலம் என்பது பழகுகிறவனுக்கு ஒரு பாதுகாப்பு.

இப்னு கல்தூன் சொன்ன மூன்று செய்திகள்

நம்முடைய அறிவு மரபில் இதைப் பற்றித் தெளிவாக எழுதியவர் இப்னு கல்தூன். 1377இல் எழுதிய முகத்திமாவில் கைத்தொழில்களுக்கு என்றே பல அத்தியாயங்களை ஒதுக்கினார். கட்டடக் கலைக்கு ஒன்று, தச்சுக்கு ஒன்று. அவர் கருத்துகளில் மூன்று நமக்கு இங்கே வேண்டும்.

முதலாவது, தொழில் என்பது திரும்பத் திரும்பச் செய்வதால் மனதிலும் கையிலும் உறைந்துபோகிற தேர்ச்சி. ‘மலகா’ என்று அதற்குப் பெயர் வைத்தார். காதால் கேட்டு அறிவது வேறு, கண்ணால் பார்த்துக் கையால் செய்து அறிவது வேறு. ஆகவே தொழிலுக்கு ஆசிரியர் வேண்டும், மாணவரின் தேர்ச்சி ஆசிரியரின் தேர்ச்சியைப் பொறுத்தது. வேலைத்தளப் பயிற்சி ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது, தொழிலுக்குக் கணிதமும் வேண்டும். தச்சு வேலைக்கு வடிவங்களின் அளவும் விகிதமும் தெரிய வேண்டும் என்பதால் பழைய கிரேக்க வடிவகணித மேதைகள் தச்சுத் தொழிலிலும் வல்லவர்களாக இருந்தார்கள் என்று எழுதுகிறார். கட்டடத் தொழிலில் தேர்ந்தவர்களிடம், சுவர் தகராறு போன்ற அயலவர் வழக்குகளில் அதிகாரிகள் கருத்துக் கேட்பார்கள் என்றும் சொல்கிறார். மேசனின் சொல் நீதிமன்றத்தில் ஏறிய காலம் அது.

மூன்றாவதுதான் நம்மை உலுக்குவது. ஒரு நகரத்தில் நாகரிகம் நீண்டகாலம் வேரூன்றி நின்றால் தொழில்களும் வேரூன்றும், நகரம் அழியும் நிலைக்குப் போனால் தொழில்களும் வற்றிப்போகும் என்றார். அந்தலூசியாவைப் பார்த்து எழுதிய அவர் நம் தீவகத்தையும் பார்த்ததுபோல் இருக்கிறது.

இதற்கெல்லாம் மேலாக, நூஹ் (அலை) அவர்கள் இறைவனின் மேற்பார்வையில் கப்பல் கட்டியதையும், தாவூத் (அலை) அவர்கள் இரும்புக் கவசத்தை அளவாகச் செய்யப் பணிக்கப்பட்டதையும் குர்ஆன் சொல்கிறது. தம் கைகளால் உழைத்து உண்டவர் தாவூத் நபி என்பது ஹதீஸ். கைத்தொழிலைத் தாழ்வாகப் பார்ப்பதற்கு நம்மிடம் மார்க்க ஆதாரம் எதுவும் இல்லை. அப்படிப் பார்க்கிறோம் என்றால் அது வேறெங்கோ பழகியது.

சட்டம் வந்த வழி

இலங்கையில் தொழில் பழகுதலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 1971இன் 49ஆம் இலக்கத் தேசிய தொழில் பயிலுநர் சட்டம். பிறகு 1990இன் 20ஆம் இலக்க மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டம் வந்தது. இன்று ‘நைட்டா’ என்று எல்லாரும் சொல்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை அதன்கீழ் அமைந்தது. அதன்பின் தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ, ஏழு மட்டங்களாக வகுக்கப்பட்டது. ஒன்று முதல் நாலு வரை கைவினைஞருக்கான சான்றிதழ். அதற்குமேல் டிப்ளோமாவும் பட்டமும். நாலாம் மட்டம் பெற்றவர் தனியே நின்று முழுவேலையும் செய்யத் தகுதி உள்ளவர். நம் பேச்சில் சொன்னால் ஒன்றாம் மட்டக்காரர் முட்டாள், நாலாம் மட்டக்காரர் மேசன்.

2014இன் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம் இன்னொரு படி போனது. கட்டடக் கைவினைஞர் பதிவு செய்யப்பட வேண்டும், அவர்களுக்கு அடையாள அட்டை வேண்டும் என்ற ஏற்பாடு அதிலே உண்டு.

உலகம் முழுவதும் இதே போக்குத்தான். ஜேர்மனியில் மேசன் தொழில் பழக மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் வேலைத்தளமும் பாடசாலையும் மாறி மாறி வரும். அமெரிக்காவில் பதிவுபெற்ற பயிலுநருக்கு வருடத்துக்குச் சுமார் 2,000 மணிநேர வேலைத்தளப் பயிற்சியும் 144 மணிநேர வகுப்பும் என்பது வழக்கமான அளவு. வகுப்பைவிடக் கிட்டத்தட்ட 14 மடங்கு நேரம் வேலையில்! சட்டம் எழுதிய தேசங்களும் கடைசியில் இப்னு கல்தூன் சொன்ன இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. அவர்கள் புதிதாகச் சேர்த்தது மணிக்கணக்கும் பதிவும் மட்டுமே. ஆனால் அந்தப் பதிவுதான் பழகுகிறவனை அரைக்கூலிக்காரனாகவே கிடக்காமல் காப்பாற்றுகிறது.

சங்கிலி அறுந்த ஆண்டு

தொழிற்கல்விச் சட்டம் நிறைவேறிய அதே 1990இல், ஒக்டோபர் மாதம், வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30. சில மணிநேர அவகாசம், கையில் சில நூறு ரூபா. தீவகமும் 1990, 1991 ஆண்டுகளின் சண்டைகளில் வெறுமையானது. அங்கிருந்த தமிழரும் சிதறினார்கள். மண்கும்பானிலும் நயினாதீவிலும் நம் பள்ளிவாசல்கள் நின்றன, தொழ ஆளில்லை.

வீடு, காணி, நகை, கடை என்று இழப்பைக் கணக்கெடுத்திருக்கிறோம். தொழில் பழகும் சங்கிலி அறுந்ததை யாரும் கணக்கெடுக்கவில்லை. குரு ஒரு முகாமில், பழகியவன் வேறொரு முகாமில். பாதி பழகிய பொடியனுக்கு மீதியைச் சொல்லித்தர ஆளில்லை. அவன் எந்த வீட்டில் எந்தச் சுவர் கட்டினான் என்று சொல்லக்கூடிய வீட்டுக்காரர் கனடாவிலோ கொழும்பிலோ. சுவரும் ஷெல்லடியில் போயிற்று. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு, தான் மேசன் என்பதை அவன் யாருக்கு எப்படி நிரூபிப்பது? புதிய ஊரில் மறுபடியும் முட்டாளாகத்தான் தொடங்க வேண்டும். குருவின் சொல்லே சான்றாக இருந்த முறையின் பலவீனம் அப்போது வெளிப்பட்டது. ஊர் இருக்கும்வரைதான் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி.

பிறகு கட்டட வேலை பெருவாரியாக வந்தது. 2007இல் உலக வங்கி உதவியோடு புத்தளத்தில் இடம்பெயர்ந்தோருக்கான வீடமைப்புத் திட்டம். போர் முடிந்தபின் இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டம். அதன் பெரும்பகுதி 2012 ஒக்டோபர் 2இல் தொடங்கியது. ஒரு புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபா, தவணை தவணையாக. வீட்டுக்காரரே முன்னின்று கட்டும் முறை. அத்திவாரம் முடிந்தால்தான் அடுத்த தவணை என்றிருக்க, எல்லாக் கிராமத்திலும் ஒரே நேரத்தில் மேசனைத் தேடினால் எங்கே போவது? முப்பது வருடச் சண்டையில் தொழில் பழக வேண்டிய ஒரு தலைமுறை முகாமிலும் வெளிநாட்டிலும் இருந்தது. அதன் விலையை வீடு கட்டிய ஒவ்வொரு குடும்பமும் கொடுத்தது.

பொருளும் மாறிப்போயிற்று. 1981இன் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் பவளக்கல் அகழ்வைத் தடுத்தன. கடலைக் காக்க அது தேவையான சட்டம். சீமெந்துக்கல்லும் கொங்கிறீற்றும் வந்தபின் பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் அறிந்த கைகள் அருகின. நெடுந்தீவுக் கோட்டையையோ பழைய பள்ளிவாசல் சுவரையோ செப்பனிட வேண்டுமானால் சீமெந்து பூசினால் போதாது. சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்துப் பூச்சு ஒத்துவராது. ஈரத்தை உள்ளே அடைத்து, சுவரை உதிர்த்துவிடும். அந்தப் பழைய வேலை தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே ஒரு பயிலுநரை அவர்களோடு நிறுத்த வேண்டும்.

இனிச் செய்யக்கூடியது

சான்றிதழ் முறைக்குள் நம்மவருக்குப் பயன்படக்கூடிய கதவு ஒன்று உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். வகுப்பில் படிக்காமல் வேலையில் பழகியவர், தன் அனுபவத்துக்குச் சான்று காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்துகாட்டி என்.வி.கியூ பெறலாம். எழுத்துப் பரீட்சைக்குப் பயந்து ஒதுங்கி நிற்கும் நாற்பது, ஐம்பது வயதுக்காரருக்கு இது பொருத்தமான வழி. சவூதி அரேபியா இப்போது சில தொழில்களுக்குத் திறன் சோதனை கேட்கிறது. தாளில்லாமல் போகிறவர் அங்கே சாதாரணத் தொழிலாளியின் சம்பளத்துக்குத்தான் நிற்கவேண்டி வரும்.

அனுபவத்துக்குச் சான்று வேண்டும் என்ற இடத்தில்தான் நம் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். இங்கே ஜமாஅத்துகள் ஒரு வேலை செய்யலாம். பள்ளிவாசலுக்கு மதில் கட்டினாலும், மத்ரஸாவுக்கு மாடி எழுப்பினாலும், வரவுசெலவுக் கொப்பியில் சீமெந்துக் கணக்கோடு வேலை செய்தவர்களின் பெயரையும் எழுதி வைக்கலாம். மேசன் யார், அவரோடு பழகியவர் யார், எத்தனை மாதம், என்ன வேலை. நிர்வாக சபை கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுக்கலாம். பெரிய கொந்தராத்து கொடுக்கும்போது குறைந்தது இரண்டு பயிலுநரைச் சேர்க்க வேண்டும், அவர்களைப் படிப்படியாக ஏற்றிவிட வேண்டும், உரிய கூலி கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். இதற்குச் செலவு அதிகமில்லை.

பாடசாலைக்கும் பங்கு உண்டு. சாதாரண தரத்தோடு நின்றுபோகும் மாணவரைத் தோற்றவர் என்று அனுப்பிவிடுகிறோம். பைதகரஸ் தேற்றத்தைக் கரும்பலகையில் மறந்த பிள்ளை, மூலை மட்டம் பார்க்க 3, 4, 5 அடி அளந்து நூல் கட்டும்போது அதே தேற்றத்தைத்தான் செய்கிறான். அதை அவனுக்கும், அவனுடைய தாய்தகப்பனுக்கும் எடுத்துச் சொல்வது ஆசிரியர்களாகிய நம்முடைய வேலை.

மண்கும்பானுக்கும் ஊர்காவற்றுறைக்கும் திரும்பி வந்து வீடு கட்டுகிற குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆனால் அங்கே எழுகிற ஒவ்வொரு சுவரையும் யார் கட்டினார், அவரிடம் யார் பழகினார் என்று இந்த முறையாவது பெயரோடு எழுதி வைப்போம். அந்தப் பெயர்ப்பட்டியலைத் தொடங்குவதற்குப் பள்ளிவாசல் கணக்குக் கொப்பியின் ஒரு பக்கம் போதும்.